சிவப்புப் பொத்தான்

"பஸ்லயா? அப்பா, உங்களுக்குப் பஸ்ல வரத் தெரியாது. நான் காரை எடுத்துட்டு வரேன்" என்று போனில் சிரித்தாள் மகள்.

"தனியா வந்து இறங்கிக் காட்டுறேன், பாரு!" என்று சவால் விட்டுக் கிளம்பினார் பெரியவர்.

பின் வாசலில் ஏறியதுமே சறுக்கல். கடையில் முன்பே வாங்கிய டிக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தவரை, ஜன்னலோரம் இருந்த நர்ஸ் நிறுத்தினாள்.

"சார், அதை அந்த மெஷின்ல செருகி முத்திரை குத்திட்டு வாங்க. செக்கிங் வந்தா மாட்டிப்பீங்க."

குத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊருக்குப் புதுசா சார்?"

"ஊர் பழசுதாம்மா. இப்படி உட்கார்ந்து போறதுதான் புதுசு."

ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

"பயப்படாதீங்க, டிரைவர் பார்த்துப்பாரு" என்று தைரியம் சொன்னாள் நர்ஸ்.

நிறுத்தம் நெருங்கியது. பெரியவர் எழுந்து முன் வாசலுக்குப் போனார். வெளியே மகள் கைகட்டி நின்றிருந்தாள். பஸ்ஸோ வேகத்தைக் குறைக்கவே இல்லை. போச்சு, இனி ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாள்!

"சார், கம்பியில சிவப்புப் பொத்தான் இருக்கு பாருங்க, அமுக்குங்க! மணி அடிச்சாத்தானே நிறுத்துவாங்க? இதுகூடவா தெரியாது?" என்று கத்தினாள் நர்ஸ்.

அமுக்கினார். டிங்! பஸ் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களா! முப்பத்தோரு வருஷம் இந்த பஸ்ஸை ஓட்டிட்டு, போன வாரம் ரிட்டயரான மனுஷனுக்கு மணி எங்க இருக்குன்னு தெரியலையா?"

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த மணிக்கு நிறுத்தித்தான் பழக்கம் தம்பி, அடிச்சுப் பழக்கமில்லை" என்ற பெரியவர், இறங்கும் முன் ஆசைக்கு இன்னொரு தடவை அமுக்கினார்.