மண்டையில் ஏறாத பாடம்

"ஐ ஆம் டிரைவிங் ஜீப் டெய்லி!"

வேலப்பன் எழுந்து நின்று எடுத்துவிட்டதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"யாரும் சிரிக்கக் கூடாது!" என்று அதட்டினாள் யமுனா. ஆனாலும் அவளுக்கே பொறுமை போய்விட்டது.

செம்மேட்டில் புதிதாகத் திறக்கப்போகும் லாட்ஜில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். தங்க வருகிறவர்களிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசத் தெரிந்தால்தான் வேலை. அதற்காகத்தான் இந்தச் சாயங்கால வகுப்பே. திங்கட்கிழமை இன்டர்வியூ. ஜீப் ஓட்டுகிற இந்த மனுஷனோ முதல் பாடத்தையே தாண்டவிடவில்லை.

"ஏனுங்க, தினமும் செய்யறதுன்னா 'ஐ டிரைவ்'. இப்பச் செஞ்சிட்டிருந்தா 'ஐ ஆம் டிரைவிங்'. எத்தனை வாட்டிதான் சொல்றது?"

"இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர். மண்டையில ஏறமாட்டேங்குது."

மறுபடியும் முதலிலிருந்து. சமைக்கிறதுக்கு எப்படி, கூட்டுறதுக்கு எப்படி, பாத்திரம் கழுவுறதுக்கு எப்படி என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார்.

வகுப்பு முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "நாளையிலருந்து நீங்க வரவேண்டாங்க. உங்களால மத்தவங்க பொழப்பு கெடுது."

ஆள் தலையைச் சொறிந்தபடி, "சரிங்க, வாரேனுங்க" என்று போய்விட்டார்.

மறுநாள் காலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்த யமுனா அப்படியே நின்றுவிட்டாள். சுற்றுலா வந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்றிடம் வேலப்பன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐ ஸ்டார்ட் அட் சிக்ஸ் எவ்ரிடே, சார். டுடே ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யூ."

ஒரு தப்பு இல்லை! யமுனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் டீ குடிக்க நகர்ந்ததும் வேலப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையப் பாத்தா கேணச்சி மாதிரி இருக்குதுங்களா? இத்தனை நாளா நக்கலா பண்ணீங்க?"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க டீச்சர். கடைசி பெஞ்சுல பாப்பாயிக்கா உக்காருதில்லீங்க? மிளகு பறிக்கப் போயி மரத்துலருந்து உழுந்து, ஊட்டுக்காரரு படுத்த படுக்கையாக் கெடக்கறாரு. லாட்ஜு வேலை கெடச்சாத்தான் அடுப்பெரியும். பாடம் புடிபடலை, வாயைத் தெறந்து கேக்கவும் மாட்டேங்குது. அதான், அதுக்கும் சேத்து நான் கேட்டேன். என்னையப் பாத்து நாலு பேரு சிரிச்சா, நான் என்ன தேஞ்சா போயிருவேன்?"

யமுனாவின் குரல் இறங்கிவிட்டது. "சாயங்காலம் கிளாசுக்கு வந்துருங்க. ஆனா அவங்களே கேட்டிருக்கலாமேங்க. அப்படி என்ன பயம்?"

"மொத நாளு கெளம்பறப்ப, நம்மூர்ல வாரேன்னு சொல்லிட்டுப் போறாப்ல, 'ஐ ஆம் கமிங், டீச்சர்'னு உங்ககிட்டச் சொல்லுச்சுங்களே. அன்னைக்கு மூடுன வாய்தானுங்க."

"ஆமா... கிளாஸே சிரிச்சுது."

வேலப்பன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"மொதல்ல சிரிச்சது நீங்கதானுங்க டீச்சர்."