ரவை அழைத்த சாட்சி

அன்று சமையலறை மேடையில் கூடியிருந்தவர்கள் நால்வர்: நடுவராக வாணலி, வாதியாக ரவை டப்பா, எதிரே கேழ்வரகு டப்பா, ரவைக்குச் சாட்சி சொல்ல வந்த வண்டு. வீட்டுக்காரருக்கு நீரிழிவு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனிக் காலையில் அடுப்பேறுவது யார், பரணேறுவது யார் என்பதே வழக்கு.

ரவைக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நடுவர் அவர்களே! நொடியில் வெந்துவிடுவேன். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் வயிறு முதலில் ஏற்பது என்னைத்தான்!"

"அதை மறுப்பதற்கில்லை," என்றது வாணலி. "சாட்சி பேசட்டும்."

பிறந்தது முதல் ரவையையே தின்று கொழுத்த வண்டு மீசையை நீவிக்கொண்டது. "அமிர்தம் ஐயா! வாயில் வைத்ததும் தெரியாது, வயிற்றில் இறங்கியதும் தெரியாது."

"கேட்டீர்களா!" என்று ரவை துள்ளிய துள்ளலில் மூடியே கழன்று விழுந்தது.

கேழ்வரகு வண்டிடம் நிதானமாகக் கேட்டது: "தம்பி, பசி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பசியா? டப்பாவின் விளிம்பை எட்டுவதற்குள் மறுபடி வந்துவிடும். உடனே திரும்பிப் போய்த் தின்பேன்."

"பார்த்தீர்களா, எவ்வளவு லேசான உணவு!" ரவை பூரித்தது. "சரி அக்கா, உன்னைத் தின்றால்?"

"கனமாகத்தான் இருப்பேன். மதியம் வரை வயிறு வேறொன்றும் கேட்காது."

"மதியம் வரையா!" ரவை விழுந்து விழுந்து சிரித்தது. "அந்தக் கல்லை யார் விழுங்குவார்? நீயே சொல், வண்டே!"

வண்டு தன் பருத்த வயிற்றை ஒருமுறை குனிந்து பார்த்தது. பிறகு ரவை டப்பாவின் விளிம்பிலிருந்து இறங்கி, மேடையைக் கடந்து, கேழ்வரகு டப்பாவை நோக்கி நடந்தது.