பினாயில் வாடை
ஜன்னலோர வெயிலில் அவள் மணிபிளான்ட் இலைகளைத் திருப்பிப் பார்க்கிறாள். பூச்சியில்லை, தண்ணீரும் அதிகமில்லை. ஆனாலும் ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. கருகலைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டே மண்ணைக் கிள்ளி மோந்தால், பினாயில் வாடை. "நீங்களா ஊத்தினீங்க?" பின்னால் நிற்கும் கணவனிடம் கேட்கிறாள். அவன் தொட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறான். சில்லு தெறித்து அவள் புருவம் கிழிகிறது. "ஆமா, நான்தான்! என்னைவிட இந்தச் செடி பெருசாப் போச்சா உனக்கு?" பின்னலைச் சுற்றிப் பிடித்து அவள் தலையை ஜன்னல் கம்பியில் மோதுகிறான், மறுபடியும் மோதுகிறான். ரத்தம் கண்ணை மறைக்கிறது. கையிலிருக்கும் கத்தரியால் அவன் பிடிக்கும் தலைக்கும் நடுவே, தன் பின்னலையே நறநறவென்று அறுக்கிறாள். அறுந்த பின்னலோடு அவன் மல்லாந்து விழுகிறான். அவள் வெறுங்காலோடு ஓடி எதிர்வீட்டுக் கதவை இடிக்கிறாள். "அக்கா, திறங்க! இனிமே அங்க போகமாட்டேன்." உள்ளே தாழ்ப்பாள் விலகுகிறது.