சின்னக் கேமராவும் பெரிய பையும்

கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற தமயந்தி கைப்பிள்ளைக்காரி. பெரிய கேமராவையும் நீட்டு லென்ஸுகளையும் விற்றுவிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கேமரா ஒன்றை வாங்கி வந்தாள். தோள்வலி போனது. ஆனால் அத்தனையையும் சுமந்த பெரிய பை பரணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வேலையில்லை என்று அங்கே தூக்கிப் போட்டால் எலி சும்மா விடுமா?

"பொடியா, கல்யாண வீட்டுல உன்னை யாரு மதிப்பா?" என்று அது கேமராவைச் சீண்டியது.

"நான் படம் எடுக்கத்தானே போறேன் அண்ணே, மாலை வாங்கிக்கவா போறேன்?" என்றது கேமரா.

பையை வீட்டில் விட்டுவிட்டுப் போன முதல் கல்யாணத்திலேயே, "தள்ளி நில்லும்மா, போட்டோக்காரங்க வரணும்" என்று மாப்பிள்ளையின் மாமா தமயந்தியை மேடையிலிருந்து இறக்கிவிட்டார். தாலி கட்டுகிற படத்துக்கு அவள் நாற்காலி மேல் ஏற வேண்டியதாயிற்று.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பையைத் தூசி தட்டி எடுத்தாள். பைக்குத் தலைகால் புரியவில்லை. கேமரா ஒரு மூலையில் உட்கார்ந்தது. நீட்டு லென்ஸ் இருந்த பள்ளத்தில் பிள்ளையின் பால் புட்டி வந்து விழுந்தது. அதன் மேல் மாற்றுத்துணி, அதற்கும் மேல் ஒரு கிலுகிலுப்பை.

இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாகத் தமயந்தி மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

"போட்டோக்காரங்க வர்றாங்க, வழி விடுங்கப்பா!" கூட்டம் விலகியது.

உள்ளேயிருந்து கேமரா குலுங்கிச் சிரித்தது. "அண்ணே, இத்தனை மரியாதையும் பால் புட்டிக்கா?"

"சத்தம் போடாதடா," என்றது பை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே. "மேடை வந்தாச்சு. அந்தக் கிலுகிலுப்பை ஆடாமப் பிடிச்சுக்கோ."