பூண்டு சோப்புக்கு வந்த சோதனை

“அப்பா, வீட்டுல இருக்குற எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துட்டேன். அம்மாவோட சோப்பு மட்டும்தான் பாக்கி.”

தையல்காரரின் மகள் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். அன்றாடம் வீட்டில் புழங்கும் பொருள்களில் என்னென்ன நச்சு கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். பற்பசை, பவுடர், பாத்திரம் துலக்கும் திரவம் எல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் ஏறிவிட்டன.

தையல்காரருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மனைவி பூண்டுச் சாறு விட்டுக் காய்ச்சும் அந்தச் சோப்பைத்தான் வீடே தேய்த்துக் குளிக்கிறது. கடையில் அவர் அளவெடுக்க நெருங்கினாலே வாடிக்கையாளர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். தைத்த சட்டையெல்லாம் மார்பில் தொளதொளவென்று வந்து தொலைக்கிறது. ஆனால், “கடைச் சோப்பெல்லாம் இதுகிட்ட நிக்குமா?” என்று முதல் நாளே அளந்துவிட்டவர் ஆயிற்றே. அன்று மனைவியின் முகம் மலர்ந்ததை நினைத்தால், இன்று உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

மகளிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். சோப்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று கெஞ்சினார். இல்லாததை இருப்பதாக எழுத மாட்டேன் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

இருந்தால் எழுதுவாள் அல்லவா? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் சோப்புத் துண்டு எடுத்து வைத்திருந்த டப்பாவில் ஒரு சிட்டிகை ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, மூடியை இறுக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“மத்ததெல்லாம் சுத்தம்மா. உன் சோப்புலதான் ப்ளீச்சிங் பவுடர் இருக்கு. அதைவிட மோசம், ஈயமும் இருக்கு.”

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ப்ளீச்சிங் பவுடர் அவர் கைவரிசை. ஈயம் எப்படி? இத்தனை நாளும் ஈயத்தையா தேய்த்துக் குளித்தோம்? கை தானாக முதுகைச் சொறிந்தது.

மனைவி விருட்டென்று எழுந்தாள். இருந்த சோப்பையெல்லாம் வாரிக் குப்பையில் கொட்டிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாவம், அழுகிறாளோ என்னவோ. மனசு கேட்காமல் சமாதானம் சொல்லப் போனவர், கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே அவள் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஒழிஞ்சுதுடி அந்த நாத்தம். என் மூக்கே செத்துப்போச்சு. மனுஷன் ஆசை ஆசையா தேய்ச்சுக் குளிக்கிறாரே, எந்த மூஞ்சியோட நிறுத்துறது? பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும்னு என் பொண்ணுதான் ஒருநாள் சொன்னா. அதான், எங்க வீட்டு கேட்டு பெயின்ட்டைச் சுரண்டி அவ டப்பாவுலயே போட்டுட்டேன்.”