மூன்றாவது மனு

நகரியில் தறிக்கொட்டகை மேஸ்திரியை மாற்றச் சொல்லித் தணிகைவேல் தன் முதலாளிக்குக் கொடுத்த இரண்டு மனுக்களும் குப்பைக்குப் போயின. மூன்றாவதை டீக்கடையில் அவன் சட்டைப்பையிலிருந்து உருவிப் படித்தார் நாகபூஷணம்.

“இன்னாடா, மொதப் பக்கம் பூரா கும்புடு போட்டுக்கினு இருக்கற?”

“பழகிப்போச்சுண்ணா.” தணிகைவேலுக்கு வியர்த்தது.

“ரெண்டாம் பக்கம் பூரா திட்டு. ராட்சசன்னு ஒம்பது தரம். நடந்தது இன்னா, அது எங்க?”

கோபம் வந்தால்தான் எழுதுவேன், எழுதியதைத் திரும்பப் படிப்பதில்லை என்று அவன் முனகினான்.

“அந்தப் பழக்கத்த வுடு. தறிய வுட்டுத் தண்ணி குடிக்கப் போன பிரமிளாவ அரைநாள் வெளிய நிக்க வெச்சது என்னிக்கு? தேதி போட்டு அத மட்டும் எழுது. நாலு வரி போதும்.”

அங்கேயே எழுதிக் கொடுத்தான். நாகபூஷணம் இரண்டு தரம் படித்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்கு முதலாளி அசைவாரு. என்னைப் புத்தூர் கொட்டகைக்கு, எங்க வூட்டாண்ட மாத்துங்கன்னு நானும் மூணு வருசமா மனு போட்டுக்கினுதான் இருக்கேன்.”

“நீ இன்னா எழுதின, மேஸ்திரி?”

“மூணு பக்கமும் கும்புடுதான்டா.”