ஐந்தே முக்கால் மிஸ்டு கால்

ஸ்க்ரூ டிரைவரை எடுத்த கையோடு ஜெயச்சந்திரன் இருட்டாகக் கிடந்த பம்பு ரூம் வாசலில் நின்றுவிட்டான்.

"கால் மணி நேரம் பொறுங்க தம்பி. இன்னைக்கு மட்டும் போன் அடிச்சிரட்டும். அப்புறம் கழத்திக்கிட்டுப் போங்க" என்றார் தோட்டத்துச் சொந்தக்காரர் மாயாண்டி.

கொடைக்கானல் பக்கம் வில்பட்டியின் விடியற்காலைப் பனி. செல்போன் கம்பெனிக்காரனின் பற்கள் தந்தியடித்தன.

அவன் கழற்ற வந்தது, வாசலோரச் சுவரில் மாட்டியிருந்த பெட்டிக்குள் கிடந்த சிம் கார்டை. அந்த எண்ணுக்கு அடித்தால் மோட்டார் ஓடும். இன்னொரு முறை அடித்தால் நிற்கும்.

போன வருடம், இரண்டாயிரத்து எட்டில், மதுரை மீட்டிங்கில் மேனேஜர் வேலப்பன் திரையில் படம் போட்டுக் காட்டினார்.

"மனுசனுக்கெல்லாம் சிம் வித்து முடிச்சாச்சு. இனி மோட்டாருக்கு விப்போம், கதவுக்கு விப்போம், ஆட்டுக்கு விப்போம். மெஷினு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுத் திட்டாதுல்ல!"

எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தவன் ஜெயச்சந்திரன். அதற்குத்தான் கொடைக்கானல் ஏரியா கிடைத்தது.

ஓடி ஓடி முப்பத்தொரு மோட்டார்களுக்கு சிம் விற்றான். முப்பத்தொன்றும் ஜோராக ஓடின. கம்பெனிக்கு வருமானம்தான் வரவில்லை.

மோட்டாரிடம் யாரும் பேசவில்லை. ஒரு ரிங் விட்டு கட் செய்துவிட்டார்கள். மிஸ்டு காலுக்குக் காசு கிடையாது என்பது வில்பட்டியில் கேரட்டுக்குக்கூடத் தெரியும். படம் போட்டவருக்குத் தெரியவில்லை. கைதட்டியவனுக்கும் தோன்றவில்லை.

இப்போது உத்தரவு மாறிவிட்டது. மூன்று மாதமாக ஓர் அழைப்போ செய்தியோ வெளியே போகாத சிம்களை இன்று மாலைக்குள் பிடுங்கி வர வேண்டும். முப்பதைப் பிடுங்கியாயிற்று. இது மிச்சம். இதை விட்டுவைத்தால் வேலப்பன் அவனைப் பிடுங்கிவிடுவார்.

மாயாண்டி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எம் மகன் யோகராஜ் வச்சுக் குடுத்த பெட்டி தம்பி. வெள்ளனே தண்ணி பாய்ச்ச வந்தப்ப காட்டுமாடு என்னைய முட்டித் தள்ளிருச்சு. 'இனிமே நீ அந்தப் பக்கம் போகவே கூடாது, நான் வீட்லருந்தே போடுறேன்'னான். இப்ப துபாய்லருந்து போடுறான், தெனமும் அஞ்சே முக்காலுக்கு."

"பேசுவாரா?"

"எங்கிட்ட மட்டும் பேச்சு கெடையாது. தோட்டத்த வித்துரலாம்னான். போடா வெளியேன்னேன். வெளியேன்னா துபாய் வரைக்கும் போவான்னு யாரு கண்டா?"

அந்நேரம் அங்கே மணி நாலேகால் என்று ஜெயச்சந்திரன் மனதுக்குள் கணக்குப் போட்டான். பேசாத அப்பனின் தோட்டத்துக்குத் தண்ணீர் விட, ஒருவன் அந்த நேரத்துக்கு எழுந்திருக்கிறான்.

மூக்கு உறுத்தியது. பனிதான் என்று சொல்லிக்கொண்டான்.

அந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. யாரும் கேட்காததால் அவனும் சொன்னதில்லை. போன் அடித்து மோட்டாரைப் போட்டவருக்கு, 'மோட்டார் ஓடுகிறது' என்று பெட்டியே செய்தி அனுப்பும். ஒரே ஒரு செய்தி வெளியே போய்விட்டால் போதும், சிம் பிழைத்துக்கொள்ளும்.

பையில் இருந்த டாப்-அப் கார்டு ஒன்றைச் சுரண்டி அந்த எண்ணில் ஏற்றினான். பெட்டியைத் திறந்து, சிம்மைத் தொடாமல், அந்த வசதியை மட்டும் தட்டிவிட்டான்.

"கழட்ட வேணாங்கய்யா. இனிமே ஒங்க மகன் மோட்டாரைப் போட்டதும் அவருக்கு மெசேஜ் போயிரும். மோட்டார் ஓடுதுன்னு."

மாயாண்டி சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஓடுதுன்னா போகும்?"

"ஆமாங்கய்யா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெட்டி 'டிக்' என்றது. மணி ஐந்தே முக்கால்.

ஜெயச்சந்திரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். ஐந்து குதிரைசக்தி மோட்டார், சின்ன ரூம்.

சத்தம் வரவில்லை. கையை எடுத்துப் பார்த்தான். அப்போதும் வரவில்லை.

உள்ளே ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு எரிந்தது.

பெட்டியிலிருந்து போன வயர் அந்த பல்பில் போய் முடிந்தது. பல்புக்குக் கீழே, மோட்டார் இருந்த இடத்தில், சிமெண்டு மேடையும் நான்கு துருப்பிடித்த போல்ட்டும்தான் மிச்சம்.

"மோட்டார் காயில் கருகி எட்டு மாசமாச்சு தம்பி. பழைய இரும்புக்குப் போட்டாச்சு. தண்ணி மேல ஓடையிலருந்து ஓஸ் பைப்புல தானா வருது, அதுக்குக் கொறவில்ல."

"மகன்கிட்டச் சொல்லலையா?"

"சொன்னா அடிக்க மாட்டான்ல."

பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டியது. செய்தி போய்விட்டது.

ஜெயச்சந்திரன் அதைப் பார்த்தான். பல்பைப் பார்த்தான். வாசலுக்கு வெளியே பனிக்குள் ஏதோ கனமாக மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"காட்டுமாடு இன்னுமா வருது?"

"அது பாட்டுக்கு வரும். நானும் எம் பாட்டுக்கு வருவேன். தெனமும் பாக்குறதுதான். உள்ள தள்ளி ஒக்காருங்க."

தள்ளி உட்கார்ந்து ஜெயச்சந்திரன் மதுரைக்கு அனுப்ப வேண்டிய படிவத்தைப் பிரித்தான். 'இணைக்கப்பட்ட கருவியின் நிலை' என்று ஒரு கட்டம். பல்பு வெளிச்சத்தில், 'ஓடுகிறது' என்று எழுதினான்.

ஆறேகாலுக்கு அடுத்த மிஸ்டு கால் வந்து விளக்கு அணையும்வரை, இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் பாய்ச்சினார்கள்.